இருபத்தெட்டு விநாடிக்கு ஒரு மதர்போர்டு

ஆம்பூர்,
16.5.1999, ஞாயிறு,
ஆராதனை முடிந்து வந்தபின்.

பெருமதிப்பிற்குரிய மச்சான் கிருபானந்தம் அவர்களுக்கு, உங்கள் தங்கை ஜெயபுஷ்பத்தின் கணவன் இன்பராஜ் தோத்திரம் கூறி எழுதிக்கொள்வது.

ஆண்டவர் கிருபையால் நானும் புஷ்பமும் இங்கே சுகம். பெங்களூரில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க நாள்தோறும் ஜெபிக்கிறோம். இந்தக் கடிதத்தை வாசித்து முடித்த பிறகும் நீங்கள் சுகமாயிருக்க வேண்டும் என்று இன்று காலை தனியாக ஒரு ஜெபம் செய்தேன். புஷ்பம் அதற்கு ஆமென் சொல்லவில்லை. காரணம் பின்னால் வருகிறது.

உங்கள் எட்டாம் தேதிக் கடிதம் கிடைத்தது. 450 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிற கம்ப்யூட்டரை 464-இல் ஓட்டுவதற்காக மதர்போர்டையே மாற்றுவது சுத்த முட்டாள்தனம், நூற்றுக்கு மூன்று பங்குதான் வேகம் கூடும், பன்னிரண்டு வருஷம் இதே தொழிலில் இருப்பவன் சொல்கிறேன், பேசாமல் இருங்கள் என்று எழுதியிருந்தீர்கள். முட்டாள்தனம் என்ற வார்த்தைக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தீர்கள். ஒரு கோடு போட்டிருந்தால் யோசித்திருப்பேன். இரண்டு கோட்டைப் பார்த்த பிறகு யோசிக்க எதுவும் இல்லை. மதர்போர்டை மாற்றிவிட்டேன்.

அக்காவும் இந்தக் கடிதத்தைப் படிப்பார்கள் என்று தெரியும். கம்ப்யூட்டர் தெரியாதவருக்கும் நியாயம் யார் பக்கம் என்று விளங்க வேண்டும் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். போன கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வந்தபோது, 300 என்று எழுதி விற்ற என் பிராசசரை 450-இல் ஓடவைத்துக் காட்டினீர்கள். மதர்போர்டில் 66 என்று இருந்ததை 100 என்று மாற்றினீர்கள். பிராசசர் அதை நாலரையால் பெருக்கிக்கொண்டது. இதற்குப் பெயர்தான் ஓவர்க்ளாக் என்றீர்கள். தெருவே கூடி நின்று பார்த்தது. கையோடு கையாக மீன்தொட்டி மாதிரி ஒரு ஸ்கிரீன் சேவரும் போட்டுக் கொடுத்தீர்கள். ஒரு நிமிஷம் யாரும் தொடாவிட்டால் திரையில் கலர் கலராக மீன் நீந்தும். புஷ்பத்துக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. பிறகு கேக் சாப்பிட்டுக்கொண்டே எல்லார் முன்னாலும், "இதுக்கு மேல இந்தப் பொட்டியில ஒண்ணும் இல்ல மாப்ள, நீங்க கேம் ஆடறதுக்கு இது ஜாஸ்தி" என்றீர்கள். நான் அந்தக் கம்ப்யூட்டரில் ஒருநாளும் கேம் ஆடியதில்லை. அன்றைக்குச் சொல்லவில்லை, உங்கள் வாயில் கேக் இருந்தது. இப்போது சொல்கிறேன்.

நான் அதில் என்ன செய்தேன் என்றால், தோல் வெட்டினேன். எங்கள் ஷூ கம்பெனியில் ஒரு தோலை மேஜையில் விரித்து, ஷூவின் எந்தப் பாகத்தை எங்கே வைத்து வெட்டினால் கழிவு கம்மியாகும் என்று பார்ப்பதில்தான் லாபமே இருக்கிறது. எந்த மாடும் சதுரமாகப் பிறப்பதில்லை. கால் பக்கம் நீளும், வயிற்றுப் பக்கம் தொளதொளக்கும், நடுவில் முள் கிழித்த தழும்பு இருக்கும். கட்டிங் செக்ஷனில் இஷ்தியாக் அகமது பாய் இதைக் கண்ணாலேயே அளந்து முடித்துவிடுவார். அவரைப் போல இன்னும் பத்துப் பேர் கம்பெனிக்கு வேண்டும், கிடைக்கவில்லை. நான் பாட்டர்ன் செக்ஷனில் உட்கார்ந்துகொண்டு பதினோரு வருஷம் அட்டையில் பாகங்களை வரைந்தவன். இரண்டு வருஷம் மாலை நேரத்திலெல்லாம் உட்கார்ந்து, தோலின் ஓரத்தைக் கொடுத்தால் பாகங்களை அதன்மேல் தானே அடுக்கிக்காட்டுகிற ஒரு புரோகிராம் எழுதினேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. என் வாழ்நாளில் நானாக உண்டாக்கிய பொருள் இது ஒன்றுதான் மச்சான். அதனால்தான் இந்தக் கடிதத்தில் கொஞ்சம் சூடு இருக்கிறது.

இப்போது கம்பெனியில் இத்தாலியிலிருந்து ஒரு மிஷினும், அதை ஓட்ட மெட்ராஸிலிருந்து ஓர் ஆளும் வரவழைக்கப் பேச்சு நடக்கிறது. நான் ஒர்க்ஸ் மேனேஜர் சர்தார் பாஷாவிடம் போய் நின்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "இன்பராஜ், மூணு மாசமா இதையே சொல்லிகினு இருக்கற. கட்டிங் மேஜை டீ டைம்ல மட்டும்தான் காலி. பத்தரைக்கு மொத பெல்லு, பத்தே முக்காலுக்கு ரெண்டாவது பெல்லு. அதுக்குள்ள உன் பொட்டி ஒரு தோலுக்கு வழி சொல்லிச்சின்னா முதலாளிகிட்ட நான் பேசறேன். ரெண்டாவது பெல்லு அடிச்சிட்டா மேஜை என்னுது. அப்புறம் இந்தக் கம்பெனில கம்ப்யூட்டர்ன்ற வார்த்தையே உன் வாயிலருந்து வரக்கூடாது." நாளும் அவரே குறித்தார்: பதினேழாம் தேதி, திங்கள்கிழமை. அதாவது நாளை.

வீட்டுக்கு வந்து, அவர் கொடுத்த தோலின் ஓரத்தைப் புள்ளி புள்ளியாக ஏற்றி ஓடவிட்டுப் பார்த்தேன். பதினைந்து நிமிஷம் இருபத்தெட்டு விநாடி. மறுபடி ஓடவிட்டேன். அதே இருபத்தெட்டு. அளவு எடுப்பதில் நான் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஓடும்போது வீட்டில் மிக்ஸி போடக்கூடாது, இஸ்திரி போடக்கூடாது, கம்ப்யூட்டரை ஒரு விரலும் தொடக்கூடாது என்று சட்டம் போட்டேன். நானும் புஷ்பமும் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு கைகட்டி மீனைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்போம். ஆஸ்பத்திரி டியூட்டிக்குக் கட்டும் நர்ஸ் கடிகாரத்தில் அவள் நேரம் பார்ப்பாள். பன்னிரண்டு முறை ஓட்டி நோட்டில் எழுதினேன். பதினோரு முறை பதினைந்து இருபத்தெட்டு. ஒரே ஒரு முறை ஒன்பது நிமிஷம் நாற்பது விநாடி. அது எப்படி வந்தது என்றால், நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில் புஷ்பம் ஆஸ்பத்திரி வழக்கப்படி பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு கீபோர்டை ஒவ்வொரு பட்டனாகத் துடைத்துக்கொண்டிருந்தாள், ஓட்டம் முடிகிற வரைக்கும். தொட்டால் எங்கேயோ தாண்டிக் குதித்துவிட்டது என்று அவளைக் கடிந்துகொண்டேன். "வெட சரியாத்தானே வந்திருக்குது?" என்றாள். விடை சரியாக இருந்தாலும் முறை தப்பு என்று விளக்கி, அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் செல்லாது என்று எழுதினேன்.

ஆக, எனக்கும் என் இரண்டு வருஷத்துக்கும் நடுவில் நின்றது இருபத்தெட்டு விநாடி. கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழைய போர்டு நூறுக்கு மேல் ஏறாது. புதிய வகை போர்டில் 103 உண்டு. அதில் பிராசசர் 464-இல் ஓடும். பதினைந்து இருபத்தெட்டு என்பது 928 விநாடி. அதை 450-ஆல் பெருக்கி 464-ஆல் வகுத்துப் பாருங்கள். தொள்ளாயிரம். மேலும் இல்லை, கீழும் இல்லை. பதினைந்து நிமிஷம். பதினான்கு மெகாஹெர்ட்ஸால் என்ன ஆகப்போகிறது என்று கேட்டீர்களே, எங்கள் கம்பெனியின் டீ டைம் ஆகிறது. பெங்களூரில் உங்களுக்கு நினைத்தபோது டீ. எங்களுக்கு பெல்.

இங்கே ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படியுங்கள். போர்டு வாங்க மோப்பெட்டை விற்றுவிட்டேன். ஆமாம், அதே மோப்பெட்தான். எங்கள் கல்யாணத்துக்கு நீங்கள் உங்கள் முதல் போனஸில் வாங்கி, சர்ச் வாசலில் மாலை போட்டு நிறுத்தினது. அடுத்த தெரு அதாவுல்லா வாங்கிக்கொண்டார். நல்ல மனுஷர். தினமும் காலையில் எங்கள் வீட்டைத் தாண்டும்போது மரியாதைக்காக ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போகிறார். அது வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காலை ஆறரை ரயிலைப் பிடித்து வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற புஷ்பத்தை இதுவரை மோப்பெட்டில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தேன். இப்போது இரண்டு கிலோமீட்டர் நடக்கிறோம். பையை நான்தான் தூக்குகிறேன் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். விற்ற அன்றைக்கு அவள் சண்டை போடவில்லை. சோறு போட்டுக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "ஏங்க, அந்த போர்டு மேல என்னை உக்கார வெச்சி ஸ்டேஷனுக்கு இட்டுகினு போவீங்களா?" அதனால்தான் ஆமென் வரவில்லை.

சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் போர்டை வாங்கி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் அட்டைப்பெட்டியைப் பார்த்து, "கேக்கா சார், பர்த் டேவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மதர்போர்டு என்று சொன்னால் எதற்கு என்று கேட்பார், பதினான்கு மெகாஹெர்ட்ஸுக்கு என்றால் அவரும் சிரிப்பார். உங்களோடு சேர்த்து எனக்கு இரண்டு பேர் வேண்டாம் என்று காட்பாடி வரைக்கும் கேக் என்றே வைத்துக்கொண்டேன்.

வீட்டில் வந்து பெட்டியைத் திறந்தால் புதிய போர்டின் ஓட்டையும் பழைய பெட்டியின் திருகாணிகளும் ஒத்துவரவில்லை. மூன்று மூலை உட்கார்ந்தது, நாலாவது மூலை அந்தரத்தில் ஆடியது. அடியில் இரும்புத் தகடு. பட்டால் ஷார்ட். நம் ஊரில் எது ஆடினாலும் அடியில் ஒரு தோல் துண்டு வைப்போம் என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கட்டில் காலுக்குத் தோல், தையல் மிஷினுக்குத் தோல், நம் சர்ச் பிரசங்க மேடைக்கே தோல்தான். தோல் மின்சாரம் கடத்தாது என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். வேண்டிய கனம் மூன்று மில்லிமீட்டர். வீடு முழுக்கத் தடவிப் பார்த்ததில், சரியாக அந்தக் கனத்தில் ஒரே ஒரு துண்டு, மாவு கிரைண்டரின் காலுக்கு அடியில் இருந்தது. உருவி எடுத்து போர்டுக்கு அடியில் வைத்தேன். கன கச்சிதம். சுவிட்சைப் போட்டேன். விளக்குகூட எரியவில்லை. உள்ளேயிருந்து மட்டும் உளுந்து வேகிற வாசனை வந்தது.

காய்ந்த தோல் மின்சாரம் கடத்தாது. ஆறு வருஷம் கிரைண்டருக்கு அடியில் உப்பும் மாவுத் தண்ணீரும் குடித்த தோல் கடத்தும். இதை எந்தப் பாடப் புத்தகத்திலும் போடவில்லை, அதற்கு நான் பொறுப்பில்லை. போர்டைக் கழற்றித் துடைத்து ஒருநாள் மாடியில் நிழலில் வைத்தேன், பிழைத்துக்கொண்டது. கம்பெனியிலிருந்து புதுத் துண்டு ஒன்று, காய்ந்ததாகப் பார்த்துக் கேட்டு வாங்கிவந்து வைத்தேன். இதற்குள் கிரைண்டரின் காலை நான் மறந்துவிட்டேன். மறுநாள் புஷ்பம் கிரைண்டரில் அரிசியைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். ஒரு கால் குட்டையான கிரைண்டர் ஆடி ஆடி, சமையலறையிலிருந்து மெதுவாக நடந்து வெளியே வந்து, ஹாலில் கம்ப்யூட்டர் மேஜையின் காலில் முட்டி நின்றது. நான் சத்தம் கேட்டு ஓடிவந்தபோது மேஜை ஆடிக்கொண்டிருந்தது, மானிட்டரெல்லாம் மாவு, கிரைண்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மானிட்டரைத் துடைத்தது நான். ஹாலைக் கழுவியது புஷ்பம். அன்றைக்கு அவளுக்கு லீவு நாள் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

எல்லாம் காய்ந்து, 103-இல் வைத்து ஓட்டினேன். ஏழாவது நிமிஷத்தில் திரையில் மீன்கள் நீந்திய இடத்திலேயே நின்றுவிட்டன. கம்ப்யூட்டர் உறைந்துபோயிற்று. சூடு. மே மாதத்து ஆம்பூரில் நானே ஏழு நிமிஷத்துக்கு மேல் வேலை செய்வதில்லை, பிராசசரைச் சொல்லிக் குற்றமில்லை. பெட்டியின் மூடியைக் கழற்றிவிட்டு, புஷ்பம் படுக்கிற கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து பெட்டிக்குள் காற்று போகிற மாதிரி நிறுத்தினேன். இப்போது பிராசசர் சுகமாக இருக்கிறது. புஷ்பம் டியூட்டி முடிந்து வந்து நோட்டு அட்டையால் விசிறிக்கொள்கிறாள். அது சில நாளைக்குத்தான்.

முடிவைக் கேளுங்கள். நேற்று மூன்று முறை ஓட்டினேன். மூன்று முறையும் பதினைந்து நிமிஷம் பூஜ்யம் விநாடி. உங்கள் தங்கையின் கடிகாரம் சாட்சி. ஒரு விநாடிகூடக் கையிருப்பு இல்லையே மாப்ள, என்று நீங்கள் இந்த இடத்தில் சிரிப்பீர்கள். இரண்டாவது பெல் அடிக்கிற வாட்ச்மேன் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து வர எப்படியும் அரை நிமிஷம் ஆகும். அப்படியென்றால் பழைய போர்டே போதுமே என்று அடுத்து மடக்குவீர்கள். மச்சான், என் இரண்டு வருஷ உழைப்பை ஒருவர் வெற்றிலை போடுவதை நம்பி விட முடியாது. கணக்குப்படி பதினைந்து என்றால் பதினைந்தில் வந்து நிற்க வேண்டும். வந்து நிற்கிறது.

நாளைக் காலை கம்ப்யூட்டரையும் ஃபேனையும் ஜட்கா வண்டியில் ஏற்றி கம்பெனிக்குக் கொண்டுபோகிறேன். மோப்பெட் இருந்திருந்தால் அதில் போயிருக்கலாம் என்று நீங்கள் சொல்ல வேண்டாம், ஜட்காக்காரர் சொல்லிவிட்டார். நாளை பத்தே முக்காலுக்கு நான் ஜெயித்தால் அதற்குக் காரணம் இந்த மதர்போர்டு. தோற்றால் அதற்கும் நான் வருத்தப்படப் போவதில்லை, பாதி வழியில் நின்றவன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது. மதர்போர்டை மாற்றுவது தகுமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: தகும். இதற்கு அடியில் நான் மூன்று கோடு போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்ளவும்.

அக்காவுக்கு எங்கள் அன்பு. பிள்ளைகளுக்கு மாமாவின் முத்தம். கர்த்தர் உங்கள் வேலையையும், வீட்டையும், எதையும் நூற்றுக்கு இத்தனை என்றே பார்க்கிற உங்கள் மனதையும் ஆசீர்வதித்துக் காப்பாராக.

இப்படிக்கு,
எவ்விதத்திலும் மனம் மாறாத,
இன்பராஜ்

பி.கு. (17.5.1999, திங்கள் மாலை): தபால் பெட்டி வரைக்கும் போய்விட்டுக் கடிதத்தோடு திரும்பி வந்துவிட்டேன். நடந்ததைச் சேர்த்துத்தான் அனுப்ப வேண்டும்.

பத்தரைக்கு முதல் பெல் அடித்தது. ஓடவிட்டேன். சர்தார் பாஷா கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். யாரும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு நான் இரண்டடி தள்ளிக் கைகட்டி நின்றேன். ஒரு நிமிஷத்தில் உங்கள் மீன் வந்தது. இஷ்தியாக் பாய் டீ கிளாஸோடு முன்னால் வந்து குனிந்து பார்த்தார். "இன்னா சார், பொட்டி மீன் காட்டுது? தோலு எங்க?" என்றபடி கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டினார். எனக்கு உயிரே போய்விட்டது. "தொடாதீங்க பாய்" என்றேன். "மேனேஜர் மீன் பாக்கவா வந்தாரு?" என்று கேட்டுவிட்டு, அவர் பாட்டுக்கு அங்கேயே நின்றுகொண்டு, மீன் வரப் பார்க்கும்போதெல்லாம் தட்டிக்கொண்டே இருந்தார். மேனேஜர் எதிரில் அவர் கையைப் பிடித்து இழுக்கவா முடியும். எல்லாம் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது திரையில் அந்தத் தோலுக்கு உண்டான ஒன்பது ஜோடி ஷூவின் பாகங்களும் அடுக்கியிருந்தன. ஒன்பது நிமிஷம் பதினோரு விநாடி. இஷ்தியாக் பாய் விரலால் ஒவ்வொரு பாகமாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வயித்துப் பக்கம் ஷூ நாக்கு வெச்சிருக்குது சார், நானும் அங்கதான் வெப்பேன்" என்றார். சர்தார் பாஷா கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே, "நாளைலருந்து பொட்டி இங்கயே இருக்கட்டும். நீயும் இங்கயே இரு" என்றார். நிறையப் பேர் டீயைக் குடித்து முடித்திருக்கவில்லை.

பெட்டியோடு வீட்டுக்கு வந்து, பாய் தொட்டுக் கெடுத்ததால் ஏதோ தாண்டிக் குதித்துவிட்டது, அதிர்ஷ்டம் என்று புஷ்பத்திடம் சொன்னேன். அவள் கையிலிருந்த பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "நான் கீபோர்டு தொடச்ச அன்னிக்கும் இதானேங்க வந்திச்சி. மீனு வராதப்போல்லாம் சீக்கிரம் முடியுது" என்றாள்.

மீனை எடுத்துவிட்டு 464-இல் ஓட்டினோம். ஒன்பது நிமிஷம். 100-க்கு இறக்கி 450-இல் ஓட்டினோம். ஒன்பது பதினேழு. பிறகு எனக்கே கோபம் வந்து, 66-க்கு இறக்கி, கடையில் வாங்கிய அதே பழைய 300-இல் ஓட்டினேன். பதிமூன்று நிமிஷம் ஐம்பத்தைந்து விநாடி. டீ டைம் முடிய இன்னும் ஒரு நிமிஷத்துக்கு மேல் இருந்தது. என் மதர்போர்டும் வேண்டியிருக்கவில்லை, உங்கள் ஓவர்க்ளாக்கும் வேண்டியிருக்கவில்லை. நாங்கள் தொடாமல் பயபக்தியோடு உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் கம்ப்யூட்டர் மீனை நீந்தவைக்கிற வேலையில் இருந்திருக்கிறது.

ஆகவே மதர்போர்டை மாற்றியது தகாது என்று உங்கள் விடைக்கு நீங்கள் மார்க் போட்டுக்கொள்ளலாம். ஆனால் காரணம் தப்பு. வேகம் மூன்று பங்குதான் கூடும் என்றீர்களே தவிர, மீன் நாற்பது பங்கைத் தின்னும் என்று சொல்லவில்லை. அந்த மீனைப் போட்டதும் நீங்கள்தான். உங்களிடம் மன்னிப்புக் கேட்கும் எண்ணம் எனக்கு இல்லை.

நோட்டை எடுத்து, செல்லாது என்று சிவப்பில் எழுதிய வரிக்கு மேல், செல்லும், புஷ்பம் சரி, என்று நீல மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஃபேனை அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். பெட்டியில் பழைய போர்டையே திரும்ப மாட்டிவிட்டு, புதிய போர்டுக்கு வைத்திருந்த புதுத் துண்டைக் கிரைண்டருக்கு அடியில் வைத்தாயிற்று. மோப்பெட்டை விற்றது தப்பு. அதை உங்களிடம் அல்ல, நாளைக் காலை ஸ்டேஷனுக்கு நடக்கும்போது அவளிடம் சொல்லப்போகிறேன். இரண்டு கிலோமீட்டர் இருக்கிறது, சொல்லி முடித்துவிடலாம்.